ஒளி எட்டும் தூரம்: தங்க நானோ மருத்துவமும் திண்டுக்கல் கேட்க வேண்டிய கேள்விகளும்

தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் தங்க நானோ துகள் தயாரிப்பது இன்று ஒரு பிற்பகல் வேலை. தங்க உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, அதில் சோடியம் சிட்ரேட் கரைசலை ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சள் மறைந்து, சற்று நேரம் கருநீலமாக நின்று, பிறகு கரைசல் நல்ல சிவப்பாகிவிடும். 1951இல் டர்கெவிச் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் விளக்கமாக எழுதிவைத்த முறை இது. சிட்ரேட்டின் அளவை மாற்றித் துகளின் பருமனைக் கட்டுப்படுத்தலாம் என்று 1973இல் ஃபிரென்ஸ் காட்டினார். ஒரு கிராம் தங்க உப்பில் உள்ள தங்கம் ஏறத்தாழ அரை கிராம். வழக்கமான செறிவில் அதைக் கொண்டு பத்து லிட்டர் சிவப்புக் கரைசல் செய்துவிடலாம். தங்கம் என்றதும் எழும் விலை பற்றிய பயத்துக்கு இங்கே பெரிய இடமில்லை.

கடினம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தச் சிவப்புக் கரைசல் மீது ஒளியைப் பாய்ச்சிப் புற்றணுவையும் பாக்டீரியாவையும் கொல்லலாம் என்று கால் நூற்றாண்டாக ஆயிரக்கணக்கான ஆய்வுத்தாள்கள் சொல்லிவருகின்றன. அவற்றில் மனித உடலில் சோதிக்கப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இந்தத் துறை இதுவரை எங்கே வந்து நிற்கிறது, நம் பக்கத்து நோய்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதைத் திண்டுக்கல் சமவெளியில் நின்று பார்க்க முயல்கிறேன். திண்டுக்கல்லைத் தேர்ந்ததற்கு ஊர்ப் பாசத்தைத் தாண்டிய காரணம் உண்டு. ஒரு புற்றுநோய் உத்தி ஏழை மக்களிடையே உண்மையில் உயிர் காக்கிறதா என்று உலகமே மதிக்கும் அளவில் அளந்து பார்த்த மண் இது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தங்கம் ஏன் சிவப்பாகிறது என்ற கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர் மைக்கேல் ஃபாரடே. தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவு பற்றி 1857இல் லண்டன் ராயல் சொசைட்டியில் உரையாற்றினார். அவர் செய்த செந்நிறக் கரைசல்களில் சில இன்றும் அங்குள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கின்றன. கோள வடிவத் துகள் ஒளியை எப்படி உறிஞ்சும், எப்படிச் சிதறடிக்கும் என்ற கணக்கை 1908இல் குஸ்டாவ் மீ போட்டுக் கொடுத்தார். சாரம் இதுதான்: இருபது நானோமீட்டர் பருமனுள்ள துகளில், உலோகத்துக்குள் கட்டற்றுத் திரியும் எலெக்ட்ரான்கள் முழுக்கூட்டமாக ஒரே திசையில் அசைய முடியும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் சிறு விசையிலேயே உயரப் பறப்பதைப் போல, அந்தக் கூட்டத்தின் தாளத்துக்கு ஒத்த நிறத்து ஒளி வந்தால் அசைவு மிகப் பெரிதாகிவிடும். இதற்குப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர். இருபது நானோமீட்டர் கோளத்துக்கு அந்தத் தாளம் 520 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையில், அமைகிறது. பச்சை உறிஞ்சப்படுவதால் மிச்சம் சிவப்பாகத் தெரிகிறது. உறிஞ்சிய ஆற்றல் எங்கே போகும்? மிகக் குறுகிய நேரத்தில் வெப்பமாகித் துகளைச் சுற்றியுள்ள நீரைச் சூடாக்கும். ஒளி பட்டால் மட்டும், பட்ட இடத்தில் மட்டும் எரியும் மிகச் சிறு அடுப்பு கிடைத்துவிடுகிறது.

ஆனால் பச்சை ஒளி உடலுக்குள் போகாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினும் தோலின் மெலனினும் அதை வழியிலேயே விழுங்கிவிடும். அலைநீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தண்ணீரே ஒளியை உறிஞ்சத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரை, ஒரு சன்னல் திறந்திருக்கிறது. சிவப்பின் கடைக்கோடியும் அதை ஒட்டிய அகச்சிவப்பும் அதில் அடங்கும். அந்தச் சன்னல் வழியே போகும் ஒளிகூட மில்லிமீட்டர் கணக்கில்தான் பயனுள்ள அளவில் ஊடுருவும், மிஞ்சினால் ஓரிரு சென்டிமீட்டர். இந்தத் தூரம்தான் இத்துறையின் முழுத் தலையெழுத்தையும் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு. வேறு எந்தச் சிக்கலையும் வேதியியலால் ஓரளவு சமாளிக்கலாம். ஒளி எட்டாத இடத்தை வேதியியல் எட்டவைக்க முடியாது.

துகளின் வடிவத்தை மாற்றினால் உறிஞ்சும் நிறமும் மாறும். சிலிக்கா உருண்டைமேல் மெல்லிய தங்கத் தோல் போர்த்தினால் 'நானோ கூடு'. நீட்டி வளர்த்தால் 'நானோ கோல்': பத்து நானோமீட்டர் அகலமும் நாற்பது நானோமீட்டர் நீளமும் உள்ள கோல் 800 நானோமீட்டர் அருகே உறிஞ்சும். முக்கோணத் தகடுகளும் அப்படியே. இந்த மூன்றாவது வடிவத்தில் இந்தியாவுக்குத் தனிப்பங்கு உண்டு. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு, எலுமிச்சைப்புல் சாறில் தங்க உப்பைக் கலந்து முக்கோண நானோ தகடுகளை உருவாக்கியதை 2004இல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' வெளியிட்டது. அந்தத் தகடுகள் அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சின. இலைச்சாறு வழியே நானோ துகள் என்ற பாதை இந்தியக் கல்லூரிகளுக்குப் பெரிய அளவில் திறந்தது அந்தக் காலத்தில்தான்.

அதன்பின் தமிழ்நாட்டில் சாறு எடுக்காத இலை அரிது என்று சொல்லிவிடலாம். சென்னை சத்யபாமா பல்கலைக்கழகத்தினர் 2011இல் ஆவாரை இலையைக் கொண்டு தங்கத் துகள் செய்து காட்டினர். திண்டுக்கல்காரருக்கு ஆவாரையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குரோமிய உப்பு வருவதற்கு முன் தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிலே ஆவாரம்பட்டையை நம்பி நடந்தது. தோலைப் பதப்படுத்தும் அதே துவர்ப்புப் பொருள்களும் அவற்றின் உறவான பாலிஃபீனால்களும்தான் தங்க அயனியை உலோகத் தங்கமாக மாற்றி, துகள்மேல் போர்வையாகவும் ஒட்டிக்கொள்கின்றன. கடும் வேதிப்பொருள் தேவைப்படாத, மாணவர் கையால் செய்யத்தக்க வழி இது. இதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. பல ஆயிரம் இளைஞர்களுக்கு ஆராய்ச்சியின் முதல் ருசியைக் காட்டியிருக்கிறது. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இலைச்சாறு பருவத்துக்குப் பருவம், மண்ணுக்கு மண் மாறும். இன்றைய துகளும் ஆறு மாதம் கழித்துச் செய்யும் துகளும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மருந்துக்கு அந்த உறுதி முதல் தேவை. போதாக்குறைக்கு, இவ்வகைத் தாள்களில் பெரும்பாலானவை கோளத் துகளோடு நின்றுவிடுகின்றன. பச்சையில் உறிஞ்சும் கோளத்தைச் செய்துவிட்டுப் புற்றுநோய்க்கு ஒளிவெப்ப சிகிச்சை என்று முடிவுரையில் எழுதுவது, மேலே சொன்ன சன்னலை மறந்துவிடுவதாகும்.

தங்க பற்பத்தையும் இதோடு சேர்த்துப் பேசும் வழக்கம் பரவிவருகிறது. பற்பத்தில் நானோ அளவுத் தங்கம் இருப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் இங்கே பேசப்படும் சிகிச்சை வடிவம், பருமன், மேற்பரப்பு, ஒளி ஆகிய நான்கும் பொருந்தினால் மட்டுமே நடப்பது. வாய்வழி உண்ணும் மருந்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. புற்றுநோயாளியிடம் இந்தக் குழப்பத்தை யாரும் விற்கக்கூடாது.

புற்றுநோய்ப் பக்கம் நடந்ததைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஹூஸ்டனில், ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலாஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரின் குழு 2003இல் நானோ கூடுகளைக் கொண்டு கட்டிகளை உள்ளிருந்தே சூடாக்க முடியும் என்று காட்டியது. மறு ஆண்டு வந்த ஆய்வில் எலிகளின் கட்டிகள் மறைந்தன, மூன்று மாதத்துக்குப் பிறகும் திரும்பவில்லை. 2006இல் ஜார்ஜியாவின் மொஸ்தஃபா எல்-சயீத் வாய்ப் புற்றணுக்களை எடுத்துக்கொண்டார். அவருடைய மகன் தலை-கழுத்துப் புற்றுநோய் அறுவை மருத்துவர், அவரும் அந்த ஆய்வில் பங்காளி. புற்றணுவின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தங்கக் கோலில் ஒட்டி, லேசரைப் பாய்ச்சியபோது, நல்ல அணுவைக் கொல்லத் தேவையானதில் ஏறத்தாழ பாதி ஆற்றலிலேயே புற்றணு செத்தது.

இந்தப் பாதி என்ற எண்ணில்தான் தங்கத்தின் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வெறும் சூடு வேண்டுமென்றால் சூடாக்கும் கருவிகள் மருத்துவத்தில் ஏற்கெனவே ஏராளம். தங்கம் தர வேண்டியது தெரிந்தெடுத்துச் சுடும் திறன். நல்ல திசுவை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் எரிக்க முடியாவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு?

மனித உடலில் இதைச் சோதித்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில், குறைந்த அல்லது நடுத்தர ஆபத்துள்ள புராஸ்டேட் புற்றுநோயாளர்கள் 16 பேரைச் சேர்த்து 15 பேருக்குச் சிகிச்சையை முடித்தனர். ஏறத்தாழ 150 நானோமீட்டர் பருமனுள்ள நானோ கூடுகளை முந்தின நாள் நரம்பில் ஏற்றினர். மறுநாள் எம்.ஆர்.ஐ. படமும் அல்ட்ராசவுண்டும் வழிகாட்ட, கட்டிக்குள் ஒளியிழைகளைச் செருகி 810 நானோமீட்டர் லேசரைச் செலுத்தினர். ஓராண்டுக்குப் பிறகு மிகப் பெரும்பாலோரிடம் சிகிச்சை பெற்ற இடத்தில் புற்றணு தென்படவில்லை. சிறுநீர்ப் போக்கும் பாலியல் செயல்பாடும் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படவில்லை. புராஸ்டேட் அறுவையை அறிந்தவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும். அதே சமயம் ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு முன்னோட்டம் அது. ஒளியிழையைக் கட்டிக்குள்ளேயே செருகித்தான் ஒளியை எட்டவைத்தார்கள் என்பதையும், அதற்கு எந்த அளவு மருத்துவமனை வேண்டும் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நரம்பில் ஏற்றும் துகளில் எவ்வளவு கட்டியைப் போய்ச் சேர்கிறது? டொரன்டோவின் வாரன் சான் குழு, பத்தாண்டுகளில் வந்த விலங்காய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டது. நடுமதிப்பு 0.7 விழுக்காடு. மிச்சத்தில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அங்கே போன தங்கம் எளிதில் வெளியேறுவதுமில்லை. 40 நானோமீட்டர் துகள் ஏற்றிய எலிகளின் ஈரலில் ஆறு மாதம் கழித்தும் மிகச் சிறிய அளவே குறைந்திருந்தது என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. நானோ கோலைச் செய்யப் பயன்படும் சி.டி.ஏ.பி. என்ற சவர்க்கார வகைப் பொருள் தன்னளவிலேயே அணுவைக் கொல்லக்கூடியது. அதை நன்கு கழுவி வேறு போர்வை மாற்றாமல் எந்த முடிவையும் நம்ப முடியாது. தேங்கி நிற்கும் சிக்கலுக்கு நம் நாட்டிலிருந்து வந்த நல்ல பதில் ஒன்று உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் அரவிந்த் குமார் ரெங்கனும் ரோஹித் ஸ்ரீவாஸ்தவாவும் உடன் ஆய்வாளர்களும், கொழுப்புக் குமிழிமேல் மிகச் சிறு தங்கத் துகள்களைப் பூசினார்கள். சேர்ந்திருக்கும்போது அது அகச்சிவப்பை உறிஞ்சிச் சூடாகும். வேலை முடிந்து குமிழி சிதைந்தபின் சிறு துகள்கள் பித்தம், சிறுநீர் வழியே வெளியேறும். 2015இல் 'நானோ லெட்டர்ஸ்' இதழில் வந்த இந்தச் சிந்தனை, உடலை விட்டு எப்படி வெளியேறும் என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட்ட காரணத்தால் எனக்கு மிகவும் பிடித்தது.

பாக்டீரியாவின் கதை வேறு திசையில் போகிறது. ஒளியால் நுண்ணுயிரைக் கொல்லும் எண்ணம் தங்கத்தைவிடப் பழையது. 1900 வாக்கில் மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் வாழும் ஒற்றையணு உயிர்கள் வெளிச்சத்தில் சாகின்றன, இருட்டில் பிழைக்கின்றன என்று கண்டார். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்திய நீல்ஸ் ஃபின்சென் 1903இல் நோபல் பரிசு பெற்றார். சாயம் ஒளியை வாங்கி, பக்கத்திலுள்ள ஆக்சிஜனைத் தாக்கும் தன்மையுள்ள வடிவமாக்குவது ஒளியியக்க முறை. தங்கம் சூட்டால் சுடுவது ஒளிவெப்ப முறை. இரண்டையும் ஒரே துகளில் கட்டுவதே இன்றைய ஆய்வுகளின் போக்கு.

ஆன்டிபயாடிக் கைவிடும் காலத்தில் இதற்கு ஓர் ஈர்ப்பு இருப்பது இயல்பு. மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 'லான்செட்' 2022இல் மதிப்பிட்டது. தமிழ்நாட்டுக்கு இதில் கசப்பான முன்வரிசை உண்டு. என்.டி.எம்-1 என்ற எதிர்ப்பு மரபணுவின் பரவலைப் பற்றி 2010இல் வந்த பெயர்பெற்ற ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள். இரண்டாண்டு கழித்து மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு கேட்டது. சூட்டுக்கு எதிராக பாக்டீரியா அவ்வளவு எளிதில் தப்பிக்கும் வழி கற்றுக்கொள்ளாது என்பது ஒளிவெப்ப முறையின் வலுவான வாதம். மருந்து ஒரு குறிப்பிட்ட பூட்டைத் திறக்கிறது, பாக்டீரியா பூட்டை மாற்றிவிடுகிறது. சூடு சுவரையே உருக்குகிறது.

2006இல் அமெரிக்காவின் ஜாரோவ் குழு, எதிர்ப்பொருள் ஒட்டிய தங்கத் துகளால் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை லேசர் கொண்டு வெடிக்கவைத்தது. 2008இல் நார்மன் குழு தங்கக் கோலால் சூடோமோனாஸைக் கொன்றது. இவ்விரண்டையும்விட எனக்கு நம்பிக்கை தந்தது லேசரே தேவைப்படாத ஒரு வேலை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஐவன் பார்க்கின் குழு, 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்துகளையும் கிரிஸ்டல் வயலெட் சாயத்தையும் பிளாஸ்டிக் பரப்பில் ஊறவைத்தது. மருத்துவமனை அறையில் இருக்கக்கூடிய சுமார் 300 லக்ஸ் வெள்ளை வெளிச்சத்திலேயே சில மணி நேரத்தில் அந்தப் பரப்பில் பாக்டீரியா பெருமளவு குறைந்தது. 2020இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. படுக்கைக் கம்பி, கதவுக் கைப்பிடி, வடிகுழாய் என்று நோய்த்தொற்று ஏறிப் பயணிக்கும் பரப்புகள் எத்தனை! உடலுக்குள் ஏற்றாததால் ஈரலில் தேங்கும் கேள்வியே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு இதே 25 அணுக் கொத்துகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. நானோ வெள்ளியால் குடிநீர் வடிகட்டி செய்து வீடுகளுக்குக் கொண்டுபோன அனுபவமும் அவர்களுக்கு உண்டு. அறிவு நம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஒரு தடையையும் குறித்தாக வேண்டும். சாயம் சார்ந்த முறைகள் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் வகையை எளிதில் கொல்லும். வெளிச்சவ்வு என்ற கூடுதல் மதில் உள்ள கிராம்-நெகட்டிவ் வகையில் தடுமாறும். நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைக் கலங்கடிப்பதோ கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், ஈ. கோலை போன்ற இரண்டாம் வகை. என்.டி.எம்-1 பரவியதும் இவற்றில்தான். எனவே ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கும் சாதுவான ஸ்டஃபைலோகாக்கஸை மட்டும் கொன்றுவிட்டு ஆன்டிபயாடிக்குக்கு மாற்று கிடைத்துவிட்டது என்று எழுதுவது நம் நோயாளிகளின் நிலைமையைப் பாராமல் எழுதுவது.

இனி திண்டுக்கல். மாவட்டத்தின் மேற்கே, ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவ நிலையம் 1990களிலேயே கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றை நடத்தியது. இங்குள்ள பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மிக அதிகம் என்று அதில் தெரிந்தது. 2000ஆம் ஆண்டு, பிரான்சின் லியோன் நகரில் உள்ள உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ரெங்கசாமி சங்கரநாராயணன் முன்னின்று, இம்மாவட்டத்தை 114 தொகுதிகளாகப் பிரித்து ஒரு சோதனை தொடங்கியது. பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் அமிலம், தடவிப் பார்த்தார்கள். மாறுபட்ட திசு வெளுத்துத் தெரியும். புற்றுக்கு முந்திய நிலை தெரிந்தால், பெரும்பாலும் அந்த வருகையிலேயே உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் செவிலியர்களே தந்தார்கள். 49,311 பேரில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். முடிவு 2007இல் 'லான்செட்'டில் வந்தது. பரிசோதனை நடந்த தொகுதிகளில் அந்தப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைவு. ஒப்பீட்டுத் தொகுதிப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் விட்டது முறையா என்று பின்னாளில் கடும் விமர்சனம் எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது, அதன் கனத்தை நான் குறைக்க மாட்டேன். ஆனால் திண்டுக்கல் பெண்கள் தந்த அந்த எண்கள் பல நாடுகளின் கொள்கைக்கு ஆதாரமாயின.

தங்க நானோ ஆய்வுக்கு இதைவிடக் கறாரான உரைகல் எனக்குத் தெரியவில்லை. வினிகரும் விளக்கும் செவிலியர் கையும் சேர்ந்து இறப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருக்கின்றன. கர்ப்பப்பை வாய் ஒளி எட்டும் இடம். வாயும் எட்டும் இடம். வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அளவுக்குப் புகையிலையோடு பழகிய இந்த வட்டாரத்தில் வாய்ப் புற்றுநோயைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. தோல், குடல் வாய், ஆறாத புண் எல்லாம் எட்டும் இடங்கள். ஒளி மருத்துவம் எங்கே சாத்தியமோ அங்கேதான் நம் மக்களின் பெரும் நோய்களும் இருக்கின்றன. மூளைக் கட்டிக்கும் கணையத்துக்கும் தங்கம் பற்றிக் கனவு காண்பதைவிட இந்த இடங்களில் வேலை செய்வதே அறிவு.

ஆனால் எட்டும் இடங்களில் போட்டியும் கடுமை. புற்றுக்கு முந்திய திசுவைச் சூடான முனையால் தொட்டு அரை நிமிடத்தில் அழிக்கும் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்துவிட்டது. பேட்டரியில் ஓடும், கையில் அடங்கும். அதற்குத் தங்கமும் வேண்டாம், லேசரும் வேண்டாம். கர்ப்பப்பை வாயில் தங்கம் இதை வெல்வது கடினம் என்றே நினைக்கிறேன். வாய்ப் புற்றுநோயில் நிலைமை வேறு. அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக எரித்தாலும் பேச்சும் விழுங்கலும் போகும். தெரிந்தெடுத்துச் சுடும் திறனுக்கு உண்மையான விலை அங்கே இருக்கிறது. இது வெறும் ஆசையில்லை என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். புற்றணுவைத் தேடும் எதிர்ப்பொருளில் அகச்சிவப்புச் சாயத்தைக் கட்டி, ஒளி பாய்ச்சித் தலை-கழுத்துப் புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சைக்கு 2020இல் அந்நாடு அனுமதி தந்தது. அதில் தங்கம் இல்லை. ஆனால் கருத்தில் எல்-சயீத் 2006இல் செய்ததற்கு மிக நெருங்கிய உறவு. தங்கத்தின் பக்கம் நிற்பவர்கள் இனி சாயத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

இரண்டாவது இடம் சர்க்கரை நோயாளியின் காற்புண். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சென்னை மருத்துவர்கள் முன்னின்ற தேசிய ஆய்வு 2023இல் சொன்னது. ஆறாத புண்ணில் பாக்டீரியா தனித்தனியாக இருப்பதில்லை. பிசினைச் சுரந்து அதற்குள் குடியிருப்பாகச் சேர்ந்து வாழும், மருந்து உள்ளே நுழையாது. மிதமான சூடு அந்தப் பிசினைக் குலைத்து மருந்துக்கு வழிவிடும் என்று பல ஆய்வக முடிவுகள் காட்டுகின்றன. தங்கத்தைக் காயத்துணியில் பதித்தால் உடலுக்குள் போவதும் குறையும். கால் விரலை வெட்டாமல் காப்பாற்றினால் ஒரு கூலித் தொழிலாளியின் பிழைப்பே காக்கப்படுகிறது.

இங்கே நம் ஆய்வுகளிடம் நான் கேட்க விரும்பும் சில கேள்விகள் உண்டு. 808 நானோமீட்டர் லேசரைத் தோல்மீது பாய்ச்சப் பாதுகாப்பு வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.33 வாட். ஒரு வாட், இரண்டு வாட் என்று பாய்ச்சி பாக்டீரியா செத்தது என்று எழுதும் தாள்கள் ஏராளம். அந்த ஒளி தங்கம் இல்லாமலேயே நோயாளியின் தோலைச் சுட்டுவிடாதா? ஒளி மட்டும், தங்கம் மட்டும், இரண்டும் இல்லாதது என மூன்று ஒப்பீடுகளும் இருக்கின்றனவா? தோல் கறுப்பு கூடக்கூட மெலனின் ஒளியை வாங்கிச் சூடாவதும் கூடும். வெளுத்த எலியின் தோலில் கணித்த அளவைத் தமிழர் தோலுக்கு அப்படியே எடுக்க முடியுமா? விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியே கறுத்த தோலில் தவறிக் காட்டுகிறது என்று 2020இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பிறகும் இதைக் கேட்காமல் இருக்கக்கூடாது. இந்தியாவின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019இல் நானோ மருந்துகளை மதிப்பிட வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பருமன், மேற்பரப்பு, உடலில் தேங்கும் காலம் எல்லாம் அதில் கேட்கப்படுகின்றன. முனைவர் பட்ட மாணவர் முதல் ஆண்டிலேயே அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பல ஆண்டு உழைப்பு வீணாகாது.

திண்டுக்கல்லில் இதற்கான உறுப்புகள் சிதறிக் கிடக்கின்றன. மருத்துவர் டி. எஸ். சௌந்தரம் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது மருத்துவப் பணியும் கல்வியும் ஒரே வளாகச் சிந்தனையாக இருந்தன. கஸ்தூர்பா மருத்துவமனை அங்கே வளர்ந்தது, 1956இல் கிராமிய நிறுவனம் வந்தது. அதன் வேதியியல் துறையில் எஸ். ஆபிரகாம் ஜான் குழு தங்க நானோ துகளை மின்முனையில் பதித்து உயிர்வேதிப் பொருள்களை அளக்கும் உணரிகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது. ஒளி சிகிச்சை அதன் நோக்கமில்லை. ஆனால் துகளின் பருமனையும் போர்வையையும் கட்டுக்குள் வைக்கும் கைப்பழக்கம் அதே கைப்பழக்கம். 2022 ஜனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே தினமும் ஆறாத புண்ணிலிருந்து வளர்த்தெடுக்கப்படும் மருந்து எதிர்ப்புப் பாக்டீரியா, ஆய்வகக் குளிர்பெட்டியில் கிடைக்காத செல்வம். அம்பிளிக்கையின் பதிவேட்டு மரபு வீடுவீடாகப் பின்தொடர்வது எப்படி என்று கற்றுத்தந்திருக்கிறது.

இவர்கள் சேர்ந்தால் தொடங்கத்தக்க வேலை பெரிய பணம் கேட்பதில்லை. நோயாளியின் புண்ணிலிருந்து நெறிப்படி எடுத்த கிளெப்சியெல்லாவும் சூடோமோனாஸும் ஒரு பக்கம். பாதுகாப்பு வரம்புக்குள் நிற்கும் அகச்சிவப்பு விளக்கும், தங்கம் பதித்த காயத்துணியும், வெறும் மெத்திலீன் நீலச் சாயம் ஊறிய துணியும் அதற்கேற்ற சிவப்பு விளக்கும் மறுபக்கம். எது எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்தில் கொல்கிறது, கூடவே எவ்வளவு நல்ல தோலணு சாகிறது என்பதை அருகருகே எழுதிவைக்க வேண்டும். நீலச் சாயமே போதும் என்று முடிவு வந்தால் அதையும் அச்சிட வேண்டும், ஏனென்றால் அந்தச் சாயம் சில ரூபாயில் கிடைக்கிறது. தங்கம் தெளிவாக மேல் என்று வந்தால் அடுத்து விலங்குச் சோதனை, நெறிமுறைக் குழு அனுமதி, முதல் சில நோயாளிகள், ஒப்பீட்டுக் குழு, ஈராண்டுப் பின்தொடர்வு.